துடைத்தும் போகாத சிவப்பு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. பழக்கதோஷத்தில் 'தூங்குமூஞ்சிக்கு' என்றே ஆரம்பித்துவிட்டேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். இனி அந்தப் பெயர் என் வாயில் வராது.

அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. டாக்டர் உன்னிடம் எல்லாம் சொல்லிவிட்டார் என்று அம்மா நேற்றுச் சொன்னாள். அதற்காகத்தான் பத்து நாள் காத்திருந்தேன். எனக்கு முன்பே தெரியும்.

நீ இருக்கும் ஊர் ஆஸ்பத்திரியில் எடுக்கும் ரத்தம் சோதனைக்கு எங்கள் லேபுக்குத்தான் வருகிறது. கண்ணாடித் தகட்டில் எண் மட்டும்தான் இருக்கும். அப்படி ஒரு தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். செல்களின் உட்கருவெல்லாம் பச்சையாக ஒளிர்ந்தது. கிருமியைப் பிடிக்க வேண்டிய எதிர்ப்பொருள், சொந்த செல்லையே எதிரியென்று பிடித்தால்தான் அப்படி ஒளிரும். இவ்வளவு பளிச்சென்று பார்த்து நாளாயிற்று என்று பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாவி, சந்தோஷமாகக் காட்டினேன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போதுதான் உன் பெயரைப் பார்த்தேன். வெள்ளையணுக்களும் குறைந்திருந்தன.

போன லீவில், அக்காவின் மாமனார் வீட்டார் வந்திருந்த அன்று டீ கிளாஸைக் கைதவறிப் போட்டாய். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. வேலைக்கு உடம்பு வளையவில்லை, சாயம் பூசிக்கொள்ள மட்டும் நேரமிருக்கிறதா என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். கைக்குட்டையை நனைத்து அழுத்தித் துடைத்தேன். "வலிக்குதுப்பா" என்றாய். நடிக்காதே என்றேன். கைக்குட்டையில் ஒன்றும் ஒட்டவில்லை. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

அந்தச் சிவப்பும், தூங்கியும் தீராத அசதியும் இந்த நோயின் அடையாளம் என்று பயிற்சிக்கு வருகிறவர்களுக்குப் படம் காட்டிச் சொல்லிக்கொடுப்பவன் நான். "ஊரார் ரத்தத்தையெல்லாம் உத்து உத்துப் பாத்தீங்க, பெத்த பொண்ணு மூஞ்சியப் பாக்கலியே" என்று அம்மா கேட்டாள். வெட்கமாக இருக்கிறது, கண்ணு.

மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. வெயிலில் குடையில்லாமல் போகாதே. சிறுநீர்ச் சோதனையைத் தள்ளிப்போடாதே. இதையெல்லாம் சொல்ல இவருக்கு என்ன யோக்கியதை என்று தோன்றும். தோன்றட்டும், ஆனால் செய்.

லீவுக்கு வந்தால் ஸ்டேஷனுக்கு நான் வரட்டுமா? வேண்டாமென்றால் அம்மாவை மட்டும் அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டேன். நீ நன்றாக இருக்க வேண்டும், எனக்கு அது போதும். எங்கே வலிக்கிறது என்று ஒரே ஒரு தடவை என்னிடமும் சொல். இந்தத் தடவை நம்புவேன்.

உன் அப்பா