புகாயோவில் ஒரு காக்கா கடி

அடி அண்ணாமலை
9.2.2025

டேய் திருமலை,

மலையில மண்ணு சரிஞ்சு, தீபத்துக்கு மேல ஏற யாரையும் விடாத கார்த்திகை அது. அந்த மாசந்தான் நீ மக வீட்டுக்குப் போறேன்னு ஃபிளைட் ஏறின. ரெண்டு மாசத்துல வந்துடறேன்னே. தையும் முடியப் போகுது.

நான் சொல்லச் சொல்ல மருமக சந்திரகலா எழுதறா. போன்ல படம் புடிச்சு அனுப்பிடுவா. நீயும் கையால எழுதி அப்படியே அனுப்பு. போன்ல பேசினா உனக்குப் பாதி கேக்கல, எனக்கு மீதி கேக்கல.

பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்தி. நாம உக்கார்ற கல்லுல எவனோ சுண்டல் கடை போட்டுட்டான். நான் நின்னுக்கிட்டே இருந்தேன். அங்க என்னடா சாப்பிடறே? பிலிப்பைன்ஸ்ல சோறு உண்டா?

உன்
மண்ணாங்கட்டி


மணிலா
2.3.2025

அன்புள்ள மண்ணாங்கட்டி,

சோறு மூணு வேளையும் உண்டு. தமிழ்செல்வி நல்லா பாத்துக்கறா. காலையில புட்டோனு ஒண்ணு, இட்லி மாதிரி ஆவியில வெச்சு தேங்காய்ப்பூ தூவித் தர்றாங்க. பச்சை மாங்காய்க்குத் தொட்டுக்க பகோங்னு ஒரு பாட்டில். எல்லாம் பக்கத்து வீட்டு டோமெங் செய்யறது. நம்ம வயசுதான், பொண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டா. எங்களுக்குள்ள பாஷை கிடையாது. நாலு மணியானா தட்டோட வந்துடுவார்.

நேத்து புகாயோ கொண்டாந்தார். தேங்காய்த் துருவலை வெல்லப்பாகுல கிளறி உருட்டினது. வாயில வெச்சா நம்ம கமர்கட்டுடா. கடைசியா ஒண்ணுதான் இருந்துச்சு. துண்டுல சுத்தி காக்கா கடி கடிச்சு அவருக்குப் பாதி கொடுத்தேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சார்.

இங்க டாக்டருக்குப் படிக்கற நம்ம ஊர் விமல்ராஜ் லீவுக்கு வர்றான். பகோங் ஒரு பாட்டில் கொடுத்து விடறேன்.

திருமலை


அடி அண்ணாமலை
6.4.2025

திருமலைக்கு,

டேய் போடல. கவனிச்சிருப்பே.

சாத்தனூர் டேமு தொறந்த வருஷம் நமக்கு எட்டு வயசு. தேர் அன்னிக்குக் கையில ஒரே கமர்கட்டு. நான், நீ, செத்துப்போன ராஜேந்திரன். அவன்தான் சட்டையில சுத்திக் கடிச்சு, எச்சி படாம மூணா உடைச்சான். புதுசா எது கெடைச்சாலும் இனிமே நம்ம மூணு பேருக்குள்ளதான் காக்கா கடினு மலையைக் காட்டிச் சத்தியம் பண்ணினது யாரு? நீதான். உன் கல்யாணப் பந்தியில பாதுஷாவை மாப்பிள்ளைத் துண்டுல சுத்திக் கடிச்சு எங்ககிட்ட நீட்டின. உன் மாமனார் மூஞ்சி போன போக்கு இன்னும் என் கண்ணுல நிக்குது. இப்போ டோமெங்குக்குப் பாதியா?

பாட்டில் வந்துச்சு. ஊறுகாய்னு நெனைச்சு கிருத்திகை விரதத்தன்னிக்குத் தயிர் சோத்துக்குத் தொட்டுக்கிட்டேன். எறாவாமே. நாப்பது வருஷ விரதம் போச்சு. அந்தாளு வேணும்னே போட்டுக் கொடுத்திருக்கான்.

எனக்கு இனி ஒண்ணும் அனுப்பாதே. அவனோடயே சாப்பிடு.

மண்ணாங்கட்டி

இது அவர் சொல்லாதது: மறுநாள்ல இருந்து மாங்காய் வாங்கியாரச் சொல்லித் தொட்டுத் தொட்டே பாட்டில் காலி. – சந்திரகலா


மணிலா
30.5.2025

மண்ணாங்கட்டி மாமாவுக்கு,

அப்பா போன சேதியைப் போன்ல சொல்லியிருந்தேன். காரியமெல்லாம் முடிஞ்சது. டோமெங் உங்களுக்கு எழுதணும்னார். அவர் சொன்னதைத் தமிழ்ல எழுதறேன்.

"எனக்கு உங்க மேல பொறாமை. நான் எதைக் கொடுத்தாலும் திருமலை துண்டுல சுத்திக் கடிச்சு, பெரிய பாதியைத் தனியா எடுத்து வெச்சு, மண்ணாங்கட்டி என்பார். அவர் பேச்சுல எனக்குப் புரிஞ்சது அந்தப் பேர் ஒண்ணுதான். மறுநாள் அது கெட்டுப்போனதும் என் கோழிக்குப் போடுவார். ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்குக் கடிச்சது புகாயோ. அது கெடாது. உங்க பாதியைப் பார்சல்ல அனுப்பறேன்."

தமிழ்செல்வி


அடி அண்ணாமலை
22.6.2025

டோமெங் ஐயாவுக்கு,

புகாயோ வந்துச்சு. பெரிய பாதின்னீங்க, எனக்கு அப்படித் தெரியல. பார்சல் கட்டறப்போ நீங்க கிள்ளியிருப்பீங்கன்னு சந்திரகலாகிட்ட சொன்னேன். எழுதாதேன்னும் சொன்னேன், எழுதறா.

ஓரத்துல அவன் பல்லு பதிஞ்சிருந்துச்சு. நடுவுல ஒரு பல்லு இல்லாத கடி. அந்தப் பல்லு ராஜேந்திரன் கில்லி அடிச்சு உடைச்சது. பதினோரு வயசுல, ஒரு ஞாயித்துக்கிழமை.

எனக்கு இப்போ கடிக்கப் பல்லு இல்ல. துண்டுல சுத்தி அம்மியில வெச்சுத் தட்டினேன். ஒரு துண்டை வாயில போட்டேன். வெல்லம் ஜாஸ்தி, தேங்காய் கம்மி. மத்தபடி கமர்கட்டுதான். இன்னொரு துண்டை யாருகிட்ட நீட்டறதுன்னு தெரியாம ரொம்ப நேரம் கையிலயே வெச்சிருந்தேன்.

அதைக் காகிதத்துல மடிச்சாச்சு. விமல்ராஜ் திரும்பி வர்றப்போ கொண்டாந்து கொடுப்பான். சின்ன துண்டுதான், பெருசு என்னுது. எச்சி படல. எனக்குக் கையெழுத்து வராது, கடுதாசி ஓரத்துல கைநாட்டு வெச்சிருக்கேன். இனிமே உன்னை நீ, வா, போன்னுதான் எழுதுவேன், கோவிச்சுக்காதே.

ராஜேந்திரன் இல்ல. திருமலையும் இல்ல. என்னை விட்டா, எங்ககூடக் காக்கா கடி கடிச்சவங்கள்ல உசுரோட இருக்கிறது ஒருத்தன்தான். நீதான், டோமெங்.