ஹாடோங்கின் முதற் கொழுந்து

1994 மார்ச் 8

கோபாலகிருஷ்ணன் அண்ணைக்குக் காதில் ஒப்பரேசன். விமானம் ஏறக்கூடாதாம். ஆகவே கொரியாவின் தேயிலைத் தோட்டங்களைப் பார்க்கக் கம்பனி என்னை அனுப்புகிறது.

ஆறு வருடமாக லண்டன் குரொய்டனில், கம்பனியின் தேநீர் ருசி பார்க்கும் அறையில், அவருக்குக் கீழே வேலை. நான் கண்டுபிடித்த தேயிலைக் கலவையைத் தன் பெயரில் கொடுத்துத்தான் அந்த அறைக்குத் தலைவரானார். “என்ர தங்கச்சி மாதிரித்தானே நீர், உமக்கும் பெருமைதானே” என்றார். நான் சிரித்தேன். அதற்காக என்னையே இன்னும் மன்னிக்கவில்லை.

ஏப்ரல் 19, ஹாடோங், கொரியா

எங்கட தோட்டங்கள் மாதிரிக் கத்தரித்த தேயிலை நிரைகள் இங்கே இல்லை. மலைச்சரிவில் பாறைகளுக்கிடையே செடிகள் தம்பாட்டில் நிற்கின்றன. தோட்டக்காரி சோ அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கொஞ்சம் ஆங்கிலம் பேசுவார். ஏப்ரல் இருபதுக்கு முன் கிள்ளும் கொழுந்துதான் உயர்ந்ததாம். இரும்புச் சட்டியில் வறுத்து, பாயில் உருட்டி, திரும்பவும் வறுத்து — என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

கொதிநீரை நேரே இலையில் ஊற்றக்கூடாது. வேறொரு பாத்திரத்தில் ஆறவிட வேண்டும். எவ்வளவு நேரம் என்று மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் சலிக்காமல் செய்து காட்டினார். பிறகு இரண்டு கையாலும் கிண்ணத்தை ஏந்திக் குடித்தோம். அவித்த இளம் பயற்றங்காயின் இனிப்பு.

மே 4

அண்ணை வந்தார். “தங்கச்சி, உம்மட கொரியா நோட்டை ஒருக்காத் தாரும். ஜூன் கூட்டத்திலை நான்தான் பேசப்போறன்.”

புதுத் தேயிலையை அறிமுகப்படுத்தும் கூட்டம்; சோ அம்மாதான் விருந்தினராம். என் பெயரையும் சொல்வீர்களா என்று கேட்டேன்.

“அது எதுக்கு? எல்லாருக்கும் தெரியுந்தானே.”

தெரியுமாம். ஆருக்குத் தெரியும்?

மே 5

நோட்டை அழகான கையெழுத்தில் பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஒரேயொரு வரியை மாற்றினேன்: கொதிக்கக் கொதிக்க ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைக்கவும். கொதிநீர் ஊற்றும் கறுப்புச் சாயத்தண்ணியைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதர். நம்புவார்.

ஜூன் 9

இன்னும் ஐந்து நாள். நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன்.

ஜூன் 14

எண்பது பேர். நன்றாகத்தான் பேசினார். பிறகு அந்த இளங்கொழுந்தின் மேல் கொதிநீரை ஊற்றினார்.

கசப்பில் முகங்கள் சுருங்கின. டைரக்டர் ஒரு வாயோடு கிண்ணத்தை வைத்துவிட்டார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். சோ அம்மா மட்டும் இரண்டு கையாலும் ஏந்தி, கடைசித் துளிவரை குடித்தார். அண்ணை என்னைத் தேடிப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. இதற்காகத்தானே காத்திருந்தேன்.

கோட் எடுக்கும் இடத்தில் சோ அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். “எவ்வளவு நேரம் என்று மூன்று தரம் கேட்டாய். நீ மறந்திருக்கமாட்டாய்” என்றார். பதிலுக்கு நிற்கவில்லை.

ஜூன் 15

“வேணுமெண்டுதானே எழுதினனீர்?”

“ஓம் அண்ணை.”

அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நோட்டு யாருடையது என்றும் சொல்ல வேண்டுமே.

செப்டெம்பர் 1

ருசி அறைக்கு இனி நான் தலைவர். பதவி இறங்கிய அண்ணை ஜன்னலோர மேசையில்.

சோ அம்மாவுக்கு எழுதிய இரண்டாவது கடிதத்துக்கும் பதில் இல்லை.

1995 மே 12

ஹாடோங்கிலிருந்து முதற் கொழுந்து வந்தது. பொதியில் அண்ணையின் பெயர். உள்ளே ஒரு கடிதமும் இருந்தது. அதைப் படித்துப் படித்து, தண்ணீர் ஆறும்வரை கைகட்டிக் காத்திருந்து, தனியே குடித்தார்.

பின்னேரம் என் மேசைக்கு வந்து லீவுப் பத்திரத்தை வைத்தார். அடுத்த ஏப்ரலில் மூன்று கிழமை. கொழுந்து கிள்ளச் சோ அம்மா வரச்சொல்லியிருக்கிறாவாம்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.