சுவருக்குள் இருபத்தைந்து வாட்ஸ்

ஜூலை 15, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். ஏலகிரிப் பக்கம் மேகம் கறுத்து நிற்கிறது, ஆம்பூருக்கு ஒரு தூறல் இல்லை.

இவரை வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. தோல் பதனிடும் ஷாப்பில் இத்தனை வருடம் தின்ற தூசி, நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறதாம். இப்போது கட்டில் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின், மூக்கில் டியூப்.

மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. நான் மிக்ஸி போட்டால் மட்டும் பீப் பீப் என்று கத்தி நின்றுவிடுகிறது. இன்று தேங்காய் அரைக்கும்போதும் அதே கதை. ஓடிப்போய்ப் பார்த்தால் மேல்மூச்சு வாங்குகிறார். மிக்ஸியை நிறுத்தியதும் மெஷின் ஓடியது.

"இன்னா ஷமீம், எனக்கும் சட்னிக்கும் ஆவாதா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாடிக்குப் போய் ஓனரம்மாவிடம் சொன்னேன். கஸ்தூரியம்மா, வீட்டுக்காரர் போன பிறகு தனி ஆள். "தெருவுக்கே கரண்ட் கம்மிதான். ஸ்டெபிலைசர் வாங்கி வையி." சுவரில் ஒயரைத் திறந்து பார்க்கலாமா என்றேன். முகம் மாறிவிட்டது. "அதெல்லாம் கை வைக்காதீங்க."

காரணம் தெரியாமல் இதை விடுவதாக இல்லை.

ஜூலை 16, புதன்

வாங்க வேண்டியது: சோப்பு, உளுந்து, இவருக்கு மாத்திரை. மாத்திரை மட்டும் வாங்கினேன், மற்றது மறந்துபோச்சு.

நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் லஞ்ச் டைமில் எலக்ட்ரீஷியன் செல்வத்தைப் பிடித்தேன். "ஞாயித்துக்கெழமதான்கா வர முடியும். அதுக்குள்ள நீங்களே அளந்து வைங்க." ஆம்பியர், வோல்ட் ரெண்டையும் அளக்கும் கிளாம்ப் மீட்டர் கொடுத்தான், கூடவே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதன் மேலுறையைக் கீறி ஒரு ஒயரை மட்டும் வெளியே இழுத்து வைத்திருக்கிறான். "அந்த ஒத்த ஒயரத்தான் கவ்வணும். ரெண்டையும் சேத்துக் கவ்வுனா சைபர்தான் காட்டும்."

வீட்டுக்கு வந்து அவசரத்தில் ரெண்டையும் சேர்த்தே கவ்வினேன். சைபர். மறுபடி.

பெட்ரூம் பிளக், ஒன்றும் போடாமல்: 228 வோல்ட்.
மெஷின் மட்டும்: 212 வோல்ட், 1.6 ஆம்பியர்.
மிக்ஸியையும் கொண்டுவந்து அதே பாக்ஸில் போட்டால்: 188 வோல்ட், 4 ஆம்பியர். உடனே பீப். (இவரை முன்னாடியே டியூபைக் கழற்றி வாசலில் உட்கார வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் தாங்கும் என்று டாக்டர் சொன்னதுதான்.)
ஹாலில், மீட்டர் பக்கத்து பிளக், ரெண்டையும் போட்டு: 227.

ஆக, தெரு மேல் தப்பில்லை. கோளாறு வீட்டுக்குள்.

ஜூலை 17, வியாழன்

கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட். பின்னால் ஒருத்தி போனில், "அவன் பேஜார் புடிச்சவன்டி, வுட்டுத் தள்ளு." நான் போன் கால்குலேட்டரோடு.

மெஷினுக்குத் தேவை 212 × 1.6, சுமார் 339 வாட்ஸ். அது சரியாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

வழியில் காணாமல் போவது: 228-லிருந்து 212, பதினாறு வோல்ட். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், ஒயர் கரண்டைத் தடுக்கிற அளவு. 16 ÷ 1.6 = 10 ஓம். மிக்ஸியும் சேர்ந்தால் நாற்பது வோல்ட் காணோம். 40 ÷ 4. அதுவும் பத்து. இரண்டு தடவையும் ஒரே விடை, அப்படியானால் கோளாறும் ஒரே இடத்தில்தான்.

செல்வத்திடம் சொன்னேன். "பத்தா? ஒரு ஓம் வந்தாலே ஜாஸ்திக்கா. எங்கியோ ஜாயிண்ட் லூசு."

அப்புறம்தான் அடுத்த கணக்கு போட்டேன். 16 × 1.6, இருபத்தைந்தரை வாட்ஸ். சுவருக்குள் ஒரு சின்ன பல்ப் அளவு சூடு, ராத்திரி பகலாக. மிக்ஸி ஓடினால் 40 × 4, நூற்றி அறுபது. பக்கத்திலேயே ஆக்ஸிஜன். ஒரு பொறி போதும்.

வந்ததும் கட்டிலை ஹாலுக்கு இழுத்து, மெஷினை மீட்டர் பக்கத்து பிளக்கில் போட்டேன். இவருக்குக் கோபம். "வர்றவன் போறவன்லாம் டியூப்பப் பாப்பான்."

"பாக்கட்டும். நீங்க மூச்சு வுடுங்க, போதும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். பரவாயில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி, விடியும் முன்பே மாரியம்மன் கோயில் மைக். இவர் ஜும்மாவுக்குப் போக முடியவில்லை, தொழுகை நேரம் முழுக்க சுவரையே பார்த்திருந்தார்.

சாயங்காலம் ஓனரம்மாவைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தேன். மிக்ஸியைப் பெட்ரூம் பிளக்கில் போட்டு, நடுநடுவே நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவே கதவு மேல் ஒயர்கள் சேரும் ஜங்ஷன் பாக்ஸ், பெட்ரூமுக்கும் சமையலறைக்கும் கரண்ட் அதிலிருந்துதான் பிரிகிறது. ஸ்டூல் போட்டு, "மூடியத் தொட்டுப் பாருங்கம்மா."

தொட்டார். கையை வெடுக்கென்று எடுத்தார்.

"சுடுதே."

ஸ்டூலிலிருந்து இறங்கி இன்னொரு தடவை அந்த மூடியை அண்ணாந்து பார்த்தார். போகும்போது, "ஞாயித்துக்கெழம வரச் சொல்லு அந்தப் பையன."

ஜூலை 20, ஞாயிறு

செல்வம் மெயினை நிறுத்திப் பாக்ஸைத் திறந்தான். ஒயர்களை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தது. டேப் கரியாகிவிட்டது, விரல் பட்டதும் உதிர்ந்தது. கருகின வாடை வீடு முழுக்க.

கறுத்ததை வெட்டி, புது கனெக்டர் போட்டு முடுக்கினான். மெஷின், மிக்ஸி ரெண்டும் போட்டு அளந்தேன். 226. இன்னொரு தடவை அளந்தேன். 226தான்.

ஓனரம்மா கீழே விழுந்த ஒயர்த் துண்டை எடுத்துக் கையில் வைத்திருந்தார். "எங்க வூட்டுக்காரரு போட்டது. வூடு கட்டறப்ப ஆளே வைக்கல, எல்லாம் அவரே. அதான் நா யாரையும் தொறக்க வுடல."

செல்வம் அந்தத் துண்டை எட்டிப் பார்த்து, "முறுக்கு நல்லாத்தாம்மா முறுக்கிக்கீறாரு. அப்ப கனெக்டர் ஏது."

இவர் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார். "ஒக்காருங்கம்மா." டியூபை மறைக்கவில்லை.

ஓனரம்மா உட்காரவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு செல்வத்திடம் சொன்னார்: "மாடியில இன்னும் அஞ்சு பாக்ஸ் கீது. எல்லாம் அவரு கைதான். வா, ஒண்ணொண்ணா தொற. நா பக்கத்துல நிக்கறேன்."

மீட்டரை எடுத்துக்கொண்டு நானும் படியேறினேன்.