உள்ளே துணி விடாத சட்டை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முட்டிவலி மட்டும் வீட்டைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. நீயும் வயிற்றிலிருக்கும் குட்டியும் சுகம்தானா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ போன் பண்ணிய நாளிலிருந்து எனக்கு ஊசியில் நூல் கோக்கவே கை வரவில்லை. எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு, இருக்கிறது என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் வந்தால் மனுஷி என்ன செய்வாள்? கர்ப்பத்தில் சிலருக்கு இப்படிக் குழப்பமாக வருவதுண்டு, இரண்டு வாரம் கழித்து வேறொரு பரிசோதனையும் சேர்த்து எடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அளவு நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன். அப்படியே இருந்தாலும் ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் குழந்தைக்கு வராமல் காக்க முடியும் என்றாராமே, அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

மாப்பிள்ளைமேல் கோபம் இல்லை என்றால் அது பொய். தானும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார், உன் கூடவே நிற்கிறார், சரி. மனசு தாங்காமல் தன் அக்காவிடம் ஏன் உளற வேண்டும்? அந்த உன் நாத்தனார் போன வாரம் சுடிதார் சட்டை தைக்கத் துணியோடு நம் தையல் கடைக்கு வந்தாள். நான் டேப்பை எடுத்ததும் இரண்டடி பின்னால் போய், "தொட வேண்டாம் அத்தை, பழைய அளவுக்கே தச்சிடுங்க. ஊசி கீசி குத்தி ரத்தம் பட்டுடப் போகுது" என்றாள். கடையில் மூன்று பேர் நின்றார்கள். "படிச்ச பொண்ணுன்னு ஆசைப்பட்டுக் கட்டினோம், என்னத்தப் படிச்சாளோ" என்று வேறு. என் வாயில் குண்டூசிகள் இருந்தன. அதனால் பிழைத்தாள்.

பழைய அளவு மூன்று வருஷத்துக்கு முந்தியது. நான் யாருக்குத் தைத்தாலும், பின்னால் உடம்பு போட்டால் பிரித்துவிட இரண்டு பக்கமும் உள்ளே துணி விடுவேன், உனக்குத் தெரியும். அவளுக்கு அந்தப் பழைய அளவிலேயே தைத்து, உள்ளே இருந்ததைத் தையல் ஓரம்வரை வெட்டி எடுத்துவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு துணிக்கு இப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை. நேற்று போட்டுப் பார்த்தாள், கீழே இறங்காமல் இடுப்புக்கு மேலேயே சிக்கி நின்றுவிட்டது. "கொஞ்சம் பிரிச்சு விடுங்க அத்தை" என்றாள். திருப்பிக் காட்டி, "விட ஒண்ணுமில்லம்மா, நீ சொன்ன அளவுதான்" என்றேன்.

போகும்போது மெல்ல, "ரிசல்ட் வந்துச்சா?" என்று கேட்டாள். நல்ல முடிவு வந்ததும் அந்தக் காகிதத்தை அவள் மூஞ்சியில் விட்டெறிய வேண்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவள் கேட்டபோதுதான் உறைத்தது. நல்லதாக வந்தால் காட்டுவேன் என்றால், வேறு மாதிரி வந்தால் அவள் பின்னால் நகர்ந்தது நியாயம் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. அது நடக்காது. எது வந்தாலும் அவளுக்குச் சொல்லாதே. சாகிறவரை தெரியாமல் மண்டை காயட்டும். மாப்பிள்ளையிடமும் சொல்லி வை, இனி வாய் திறந்தால் அதையும் தைத்துவிடுவேன்.

உனக்கு இரண்டு கவுன் அனுப்புகிறேன், வயிறு வளர வளரப் பிரித்துவிட நாலு விரல் துணி உள்ளே இருக்கிறது. குட்டியின் தொப்பிக்கு நாடா வைத்தது அவள் சட்டையில் வெட்டிய ஓரத் துணியால்தான். வியாழக்கிழமை பரிசோதனைக்குத் தவறாமல் போ, முடிவு எதுவானாலும் முதல் போன் எனக்கு. தலை நிமிர்ந்து நன்றாக இரு, என் கண்ணே.

எப்போதும் உன் பக்கம் நிற்கும்,
அம்மா