நூற்றில் எத்தனை பேர்

ஜனவரி 9

"நூத்துல ஆறு பேருன்னா, அந்த ஆறு பேரு யாரு சார்?" சதவீதம் நடத்தும்போது ஒரு மாணவி கேட்டாள். வகுப்பே சிரித்தது. அது கணக்கில் வராது, உட்கார் என்றேன். இன்று பேருந்துப் பணிமனையிலிருந்து போன் வந்ததுமுதல் அந்தக் கேள்வி காதை விட்டுப் போக மறுக்கிறது.

மகள் ஓட்டிய பேருந்து நடுச்சாலையில் நின்றுவிட்டதாம். வண்டியில் கோளாறு இல்லை. "தினம் திரும்புற வளைவுப்பா. எந்தப் பக்கம்னு தெரியல. பின்னாடி ஆளுங்க கத்தறாங்க. நான் ஸ்டீயரிங்கையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்." வீட்டுக்கு வந்ததும் அவள் இப்படித்தான் சொன்னாள்.

ஜனவரி 12

மருத்துவர் நிதானமான பெண்மணி. ரத்தம், ஸ்கேன் எல்லாம் சரி என்றார். போன ஆண்டு வந்த கொரோனாவின் மிச்சம், லாங் கோவிட் என்றார்.

"அது மூணு நாள் காய்ச்சல்தானே டாக்டர்?"

"லேசா வந்தவங்களுக்கும் இருக்கு சார். உலகம் பூரா கோடிக்கணக்குல இருக்காங்க."

எப்போது சரியாகும் என்று கேட்டேன். "மாசக்கணக்கு ஆகும். சிலருக்கு வருஷம்."

ஜனவரி 15

தொற்று வந்தவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் என்கிறது ஒரு கணிப்பு. முப்பதைத் தாண்டும் என்கிறது இன்னொன்று. விடைத்தாளாக இருந்தால் ஒன்றுக்கு முட்டை போட்டிருப்பேன். பிறகு யோசித்தேன். "புரியாதவங்க கை தூக்குங்க" என்றால் வகுப்பில் இரண்டு கை எழும். தாளைத் திருத்தினால் பதினைந்து பேர். யாரிடம், எப்போது, எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. சரி, ஆறு என்றே வைத்துக்கொள்வோம். உலகத்துக்குப் பெருக்கினால்? பூஜ்ஜியங்களைப் பார்க்க மனம் வரவில்லை.

ஜனவரி 18

படுத்தே கிடந்தால் உடம்பு வேலையை மறந்துவிடும். பின்தங்கிய பிள்ளைகளைப் பயிற்சி கொடுத்துத்தானே தேற்றினேன்? அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். காலையில் நடை, பிறகு பேருந்துத் தடங்களை ஒப்பித்தல், மாலையில் மறுபடி நடை. நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி.

மனைவி படித்துப் பார்த்தாள். "மூச்சு விடறதுக்கு எந்தப் பீரியடு, வாத்தியாரே?"

மகள் சிரித்தாள். சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

ஜனவரி 23

தெருமுனை வரை போய் வந்தோம். நான் சொன்னது சரிதான்.

ஜனவரி 25

எழுந்திருக்கவில்லை. திரையை விலக்கினால் மகளுக்குக் கண் கூசுகிறது. கரண்டியைப் பிடிக்கத் தெம்பில்லை. அவள் அம்மா ஊட்டினாள். ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான்—

மருத்துவர் போனில் சொன்னார்: "சார், இதுல முட்டி மோதிப் படிச்சா மார்க் இறங்கும். கூட்டாதீங்க, குறைங்க."

அட்டவணையைக் கிழித்தேன். பசை சுவரில் அப்படியே நிற்கிறது.

ஜனவரி 26

எழுந்திருக்கவில்லை.

ஜனவரி 27

பயமா இருக்கு. இப்படியே இருந்துட்டா? எங்க காலத்துக்கப்புறம் இவளுக்கு யாரு ஊட்டுவாங்க?

பிப்ரவரி 14

தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். "டிப்போல உண்மையைச் சொல்லிடுங்கப்பா. வேலை போனா போகட்டும். பஸ் நிறைய ஆளை வச்சுக்கிட்டு மறுபடி அப்படி நிக்க என்னால முடியாது."

போய்ச் சொன்னேன். மேலாளர் எழுந்து கதவைச் சாத்தினார். "என் சம்சாரத்துக்கும் இதேதான் சார். சோம்பேறின்னு நானே திட்டியிருக்கேன்." வாசல் வரை ஓர் ஓட்டுநர் பின்னாலேயே வந்தார். "அந்த டாக்டர் நம்பர் கிடைக்குமா சார்? எனக்கில்ல... எனக்குத்தான்."

துணைக்கு ஆள் கிடைத்ததில் ஆறுதல் வந்திருக்க வேண்டும்; வரவில்லை. திரும்பி வரும்போது, எதிரே வந்த ஒவ்வொரு பேருந்திலும் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஏப்ரல் 30

மகள் இனிமேல் வண்டி ஓட்டப்போவதில்லை. பணிமனை அறிவிப்பு அறையில் அரை நாள் வேலை, உட்கார்ந்தபடி. மறதி இன்னும் வருகிறது. பயமும் வீட்டில் எங்களோடுதான் இருக்கிறது.

இன்று வேலையிலிருந்து வந்தவள் சீப்பை எடுத்தாள். சற்றுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். "தலை இன்னிக்கு வேணாம்பா. அந்தத் தெம்பை வச்சு உங்க கூட உக்காந்து சாப்பிடறேன்."

"காக்கா வந்து கூடு கட்டப்போகுது, பாத்துக்க" என்றாள் அவள் அம்மா.

மூவருமாகச் சாப்பிட்டோம். அவள் தன் தட்டைத் தானே காலி செய்தாள்.

இதை யாராவது படித்தால், உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், "இப்ப தேவலையா?" என்று நாளைக்குக் கேட்காதீர்கள். "இன்னிக்கு எதை விட்டுடலாம்?" என்று கேட்டுப் பாருங்கள்.