தானாகத் திறக்கும் பட்டியல்

மார்ச் 4, செவ்வாய்

பாஸ்வேர்டு அடித்துவிட்டுப் போய்ப் பல் துலக்கி வந்தாலும் கம்ப்யூட்டர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. இன்று ஏழு நிமிடம். வீட்டு பிளான் வரைகிறவனுக்கு அதற்குள் பாதிச் சமையலறை முடிந்துவிடும்.

மார்ச் 5

கம்ப்யூட்டர் கடைக்காரரைப் போனில் கேட்டேன். "மெஷின் மேல தப்பு இல்ல சார். உள்ள நுழைஞ்சதும் எதெல்லாம் தானா திறக்கணும்னு ஒரு பட்டியல் இருக்கும். வேண்டாதத அணைச்சு விடுங்க."

பார்த்தேன். பதினொன்று. எனக்கு வேண்டியவை இரண்டு, மற்றதெல்லாம் அழையா விருந்தாளி. போன வருடம் தூக்கிப் போட்ட பிரிண்டருக்காகக்கூட ஒன்று தினமும் எழுந்து காத்திருக்கிறது. ஒவ்வொன்றாக அணைத்தேன்.

கடைசியில் சாட். மகள் போட்டுக் கொடுத்தது. அவள் என்னோடு பேசி நாலு மாதம் ஆகிறது. அவள் புது வீட்டுக்குக் குடிபோன அன்று, வந்தவர்கள் முன்னால் டேப்பை எடுத்துப் படிக்கட்டை அளந்து, "அகலம் பத்தாது" என்றேன். பத்தாதுதான். அதற்காக அன்றைக்கா சொல்வது?

யாரும் பேசாத சாட் எதற்கு? அதையும் அணைத்தேன்.

மார்ச் 6

ஒரே நிமிடம். பரம சுகம்.

மார்ச் 7

மாடி வீட்டு வரைபடம் முடிந்தது. வேறு விசேஷமில்லை.

மார்ச் 8, சனி

கீழ் வீட்டுத் தையல்காரம்மா கதவைத் தட்டினார். கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே ஏறி வந்திருக்கிறார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கீங்க?"

"எனக்கென்ன?"

"உங்க பொண்ணு நேத்துலேர்ந்து மூணு தடவ போன் பண்ணிட்டா. தினமும் எட்டு மணிக்கு சாட்டுல உங்க பேர் பக்கத்துல பச்சைப் புள்ளி வருமாமே, மூணு நாளா வரலன்னு அழுவுறா. நான் கேட்டேன்னு சொல்லாதீங்கன்னா. எனக்கு எங்க மறைக்க வருது!"

எனக்கு அப்படியொரு புள்ளி இருப்பதே தெரியாது. நான் பாட்டுக்குப் பல் துலக்கிக்கொண்டிருந்த நாலு மாதமும் அவள் பார்த்திருக்கிறாள். அடப்பாவி... மூணு நாளா புள்ளைய பயமுறுத்தி வெச்சிருக்கேனே! நான்லாம் ஒரு அப்பனா?

சாட்டை மறுபடி பட்டியலில் சேர்த்து, கம்ப்யூட்டரை அணைத்துத் திறந்தேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எழுதவில்லை.

மார்ச் 10, திங்கள்

நாற்காலியில் உட்கார்ந்து தைரியத்தை வரவழைத்து உள்ளே நுழைய எட்டு மணி ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னது தப்பு" என்று எழுதி அனுப்பினேன்.

உடனே பதில்: "இன்னிக்கு ஏன் அஞ்சு நிமிஷம் லேட்டு?"

வாய்க்கு வந்ததை எழுதினேன்: "கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்கு கண்ணு."

"சனிக்கிழமை வந்து பாக்குறேன்ப்பா."

கம்ப்யூட்டரோ இப்போது சிட்டாகப் பறக்கிறது. சனிக்கிழமைக்குள் எப்படியாவது மெதுவாக்க வேண்டும்.