முதல் சிப்பியில் வைத்த முத்து

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
18 பிப்ரவரி 1975.

மெட்டில்டாவின் அப்பாவுக்கு, மரியசெல்வி தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

நானும் பிள்ளையும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், தவசுக்காலத்தில் அது வேறு எதற்கு? நீங்கள் கீழக்கரையில் சங்கு குளிக்கிறீர்கள் என்று உங்கள் கூட்டாளி பவுல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கட்டிய பெண்டாட்டிக்கு அடுத்தவர் வாயிலிருந்து செய்தி வருகிறது. குழாயடியில் எனக்கு முகம் காட்ட முடியவில்லை.

மெட்டில்டாவுக்கு இருமல் விட்டுவிட்டது. புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் வந்தால் கொடியைப் பார்த்து எந்த நாடு என்று சொல்லுகிறாள், பாதி தப்பு. சமையல்கட்டின் மேல் இரண்டு ஓடு உடைந்துவிட்டது. உங்கள் தம்பி கிளாட்வின் மாற்றித் தருகிறேன் என்கிறான், அவன் சொல்லும் ‘நாளைக்கு’ என்றைக்கு வரும் என்று உங்களுக்கே தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றையும் தாண்டாமல் படியுங்கள்.

போன வாரம் நீங்கள் வேலை பார்த்த சிப்பி ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனேன். உங்கள் பழைய சட்டை அங்கே கிடக்கிறது, எடுத்து வருகிறேன் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு போனேன். யதிராஜன் சார் தனியாக உட்கார்ந்திருந்தார். ஆழ்வார்திருநகரி ஐயங்கார் வீட்டுப் பிள்ளை, மீன் வாடையே ஆகாதவர், முழங்கை வரை சிப்பிச் சளியோடு என்னைப் பார்த்து எழுந்து நின்றார். நான் எங்கே போய் ஒளிவது?

நீங்கள் முங்கி எடுத்துக் கொடுத்த சிப்பிகளை அவர் என்ன செய்தார் என்று நீங்களும் முழுசாகக் கேட்டிருக்க மாட்டீர்கள். எனக்குப் பூதக்கண்ணாடியில் காட்டினார். சிப்பியின் ஓட்டை ஒட்டி உள்ளே ஒரு மெல்லிய தோல் இருக்கிறது அல்லவா, அதில் ஒரு துணுக்கு. அறை அறையாகத் தெரிந்தது. அதைத்தான் செல் என்கிறார். ஓட்டுக்குள் அந்த மினுமினுப்பைப் பூசுவது அந்தத் தோலின் செல்கள்தானாம். ஒரு சிப்பியிலிருந்து அந்தத் துணுக்கை வெட்டி, சங்கில் கடைந்த சின்ன மணி ஒன்றோடு இன்னொரு சிப்பியின் சதைக்குள் வைத்துவிடுகிறார். வெட்டியெடுத்த செல்கள் சாகாமல், அந்நிய உடம்பிலும் பெருகி, மணியைச் சுற்றிப் பை மாதிரி மூடிக்கொண்டு, தங்கள் பழைய வேலையை அங்கேயும் செய்யுமாம். பூச்சு மேல் பூச்சாக ஏறி மணி முத்தாகும். ஜப்பான்காரர்களுக்கு இது கைவந்த வித்தை, நம் கடல் சிப்பி அதற்கு இணங்குமா என்பதுதான் என் கேள்வி என்றார். அந்த ஒரு கேள்விக்காக அவர் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டிருப்பது ஊருக்கே தெரியும்.

அந்தக் கேள்வியில்தான் நாம் மண்ணைப் போட்டோம். நாம் என்றுதான் எழுதுகிறேன், நானும் சிரித்தவள்தானே.

மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வந்து சிப்பி திறந்த அன்று சாயங்காலம் நீங்கள் வீட்டுக்கு வந்த வேகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. “ஏளா, மொதச் சிப்பி வெறுஞ்சிப்பியா போவலாமா? சாரு எம்புட்டுப் பாடுபட்டிருக்காவ! அதான் நம்ம முத்த உள்ள வச்சிட்டேன்” என்று சொல்லிச் சிரித்தீர்கள். மெட்டில்டா கோயிலில் புதுநன்மை வாங்கும் நாளுக்கென்று சங்கிலியில் கோக்க வைத்திருந்த முத்து. நான் கோபப்படுகிற மாதிரி கோபப்பட்டு, பிறகு நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தக் காலத்து முத்துச் சலாபத்தில் உங்கள் தகப்பனார் தோணியில் முதல் சிப்பியைத் திறப்பதற்கு முன் அதில் ஒரு பழைய முத்தை நுழைத்துவிடுவார்கள், முத்துக்குளிப்பு நல்லபடி தொடங்க வேண்டும் என்று. தோணியில் இருக்கும் அத்தனை பேருக்கும் அது தெரியும், தெரிந்தேதான் குலவையிடுவார்கள். இங்கே யாருக்கும் தெரியாது என்பது உங்களுக்கு உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. பேப்பரில் சாரின் படம் வந்ததும் ஊரெல்லாம் காட்டினேன்.

மெட்ராஸில் அந்த முத்தை எக்ஸ்ரே பிடித்திருக்கிறார்கள். உள்ளே மணி இல்லை. மணி இல்லாவிட்டால் அது கடலில் தானாக விளைந்த முத்து. கடையில் வாங்கி வைத்துப் பெயர் எடுக்கப் பார்த்தார் என்று சார் மேல் விசாரணை போட்டுவிட்டார்கள்.

முத்தை வைத்ததற்காக நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன், அது பிரியத்தில் செய்தது. ஆனால் சார் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, பர்னபாஸ் அண்ணாச்சி, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று தணிந்த குரலில் கேட்டாரே, அப்போது “எனக்கு என்ன சார் தெரியும்” என்றீர்களே! மறுநாள் விடிவதற்குள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியும் விட்டீர்கள். அதைத்தான் குறை சொல்கிறேன்.

அவருக்கு எல்லாம் தெரியும். படகிலிருந்து கூடையைக் கொண்டுவந்தது நீங்கள் ஒருவர்தான், வேறு யார் கை பட்டிருக்கும் என்றார். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தினக்கூலி ஆள், பெயரைச் சொன்னால் அவரை இந்தப் பக்கமே வரவிட மாட்டார்கள், கடலுக்கு அடியில் எனக்குக் கண் அவர்தானே என்றார். அவர் ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருப்பேன். ஏசவில்லை. எனக்குக் கூசிப்போயிற்று.

இதற்குப் பிறகு எழுதப்போவதுதான் என்னால் தாங்க முடியாதது. மிச்சமிருந்த சிப்பிகளை அவர் ஒவ்வொன்றாகத் திறந்திருக்கிறார். பல செத்துக் கிடந்தன, சில மணியைத் துப்பிவிட்டன. ஒன்றில் விளைந்திருந்தது. நிஜமாகவே விளைந்திருந்தது! என் உள்ளங்கையில் வைத்தார். கொஞ்சம் மஞ்சள், ஒரு பக்கம் வால் மாதிரி நீண்டிருக்கிறது. நம் கடலின் சிப்பி, அவர் வைத்த மணி, அவர் வைத்த தோல். பார்க்க யாரும் வரவில்லை, கைதட்டவில்லை. மெட்ராஸுக்கு எழுதினாராம், இதை எந்தக் கடையில் வாங்கினாய் என்று பதில் வந்திருக்கிறது. அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், நான் சட்டையை மறந்துவிட்டு வந்துவிட்டேன்.

வருகிற திங்கட்கிழமை காலை விசாரணைக்கு ஆட்கள் வருகிறார்கள். முதல் முத்து எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் இரண்டாவதைக் கையில் எடுத்தாவது பார்ப்பார்கள். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை தலை குனிந்து ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான். நான் போய்ச் சொல்லுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். வேண்டாம் என்றாலும் போகத்தான் போகிறேன். ஆனால் நான் கண்ணால் பார்த்தவள் இல்லை, கேட்டவள். வைத்த கை உங்களுடையது.

உங்களுக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். எட்டுப் பாகம் ஆழத்துக்கு மூச்சடக்கி முங்குகிற ஆளுக்கு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரைப் பார்த்தால் ஊரைவிட்டே ஓடத் தோன்றுகிறது. ஏசுவார்கள், கேட்டுக்கொள்ளலாம். வேலை போகும், போகட்டும். சங்கு குளித்து நாம் பிழைப்போம், ஆனால் ஓடிப்போய்க் குளிக்க வேண்டாம்.

இதற்குப் பதில் எழுதாதீர்கள், பதில் எனக்கு வேண்டாம். பஸ் ஏறி வாருங்கள். மாதா உங்களுக்கு வழித்துணையும் நல்ல வாக்கும் தரட்டும். அந்த அறையில் நமக்கெல்லாம் உட்கார இடம் தர மாட்டார்கள், நின்றபடிதான் சொல்ல வேண்டியிருக்கும். நீங்கள் சொல்லி முடிக்கிற வரைக்கும் உங்கள் பக்கத்தில் நானும் நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
மரியசெல்வி